பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது?

போன வருஷம் பங்குனி மாதம். நானும் என் அண்ணன் மனைவியும் (எங்கள் பக்கம் மதினி என்போம்) முற்றத்தில் உளுந்து புடைக்க உட்கார்ந்தோம். "ஏட்டி, அதை எடு" என்றார்கள் மதினி. "எதை மதினி?" என்று கேட்டேன். "அதான்... அது... இப்படி இப்படிப் பண்ணுவோம்லா" என்று இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்கள். அவர்கள் கேட்டது சுளவு. வடக்கே முறம் என்பார்களே, அதுதான். கல்யாணமான நாள் முதல் தினமும் கையில் எடுக்கிற சாமான். அதன் பேர் வாயில் வரவில்லை.

நாங்கள் இருவருமே சிரித்தோம். "வயசாகுதுல்லா" என்றார்கள். ஐம்பத்திரண்டு ஒரு வயசா?

அதன் பிறகு அடிக்கடி இப்படி நடந்தது. தேங்காய்த் துருவியைக் காட்டி "கத்தி" என்பார்கள். பேரன் பேரைக் கேட்டால் இரண்டு பேரைச் சொல்லி மூன்றாவதாகச் சரியானதைச் சொல்வார்கள். நடையில் குறை கிடையாது, சமையலில் குறை கிடையாது. அதனால் நாங்கள் யாரும் டாக்டரிடம் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. வைகாசியில் ஒரு விடியற்காலை வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வலிப்பு வந்தவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். வலிப்பு 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கம், காதுக்கு மேலே, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் போகச் சொன்னார்கள். ஆறுமுகநேரியிலிருந்து நாகர்கோவில் வழியாகக் காரில் போனோம். வழி முழுக்க யாரும் பேசவில்லை.

மூன்று கேள்விகள்

அங்கே மூளை ஆபரேஷன் டாக்டர் கட்டியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டதோ வேறு. "இவங்க வீட்டில் என்ன பாஷை பேசுவாங்க? எந்தக் கைப் பழக்கம்? எதுவரை படிச்சிருக்காங்க?"

அண்ணன் ஒரே மூச்சில் சொன்னார்: "தமிழ், வலது கை, எட்டாம் கிளாஸ்." டாக்டரும் எழுதிக்கொண்டார். மூன்று பதிலுமே பாதிதான் சரி என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கே உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் வீட்டில் ஒருத்தி எந்தக் கையால் தீக்குச்சி உரசுகிறாள், எந்தப் பாஷையில் எண்ணுகிறாள் என்பது ஸ்கேன் படத்தில் தெரியாது. கூட இருக்கிற பெண்களுக்குத்தான் தெரியும்.

பேச்சு நாக்கில் இருக்கிறது என்றுதான் நான் நாற்பத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாக்கும் தொண்டையும் வெறும் வேலையாட்களாம். எஜமானி மூளை. 1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். யார் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே சத்தம்தான் அவரிடமிருந்து வரும். ஆனால் பிறர் சொல்வது அவருக்குப் புரியும். சில நாளில் அவர் இறந்துபோக, டாக்டர் மூளையைப் பரிசோதித்தபோது இடது பக்க முன்பகுதியில் ஓரிடம் கெட்டிருந்தது. பேச்சைச் சேர்த்து வெளியே அனுப்புகிற இடம் அதுதான் என்று சொன்னார். 1874-ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் டாக்டர் (அப்போது அவருக்கு 26 வயதுதான்) காதுக்கு மேலே சற்றுப் பின்னால் இன்னோர் இடத்தைக் காட்டினார். அது கெட்டால் பேச்சு மளமளவென்று வருமாம், ஆனால் அர்த்தம் இராது. பிறர் பேசுவதும் விளங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே வில் மாதிரி வளைந்து ஒரு நரம்பு நார்க் கட்டு ஓடுகிறது. அது அறுந்தாலும் கஷ்டம்.

இவ்வளவு தெரிந்தபிறகு இன்னும் என்ன தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எல்லார் வீட்டிலும் அடுப்பு ஒரே மூலையிலா இருக்கிறது? அதே மாதிரிதான் இதுவும். புஸ்தகத்தில் போட்டிருக்கிற இடத்திலிருந்து ஒருவருக்கு ஒரு விரல்கடை தள்ளி இருக்கும், இன்னொருவருக்குத் துண்டு துண்டாகப் பல இடத்தில் இருக்கும். கட்டி வளர்ந்தால் அதுவே பக்கத்து இடத்தைத் தள்ளிவிடும். ஆகவே கத்தி வைப்பதற்கு முன்னால், இந்த மனுஷிக்குப் பேச்சு எங்கே இருக்கிறது என்று தனியாகப் பார்த்துக் குறித்தாக வேண்டும்.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இது புதுசில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எடுத்த எடுப்பில் யாரும் குதித்துவிட மாட்டார்கள். முதலில் அதிகாரிகள் படகில் போய்ப் பார் பாராகச் சிப்பியை எடுத்து எண்ணி, எந்தப் பாரில் முதிர்ந்தது, எந்தப் பாரில் பிஞ்சு என்று குறித்துக்கொண்ட பிறகுதான் குளிப்பு உண்டா இல்லையா என்பதையே அறிவிப்பார்கள்.

துடைப்பமும் தீக்குச்சியும்

வலதுகைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பேச்சு இடது மூளையில்தான் இருக்கும். இடதுகைக்காரர்களில் அப்படி இருப்பது சுமார் எழுபது பேருக்கு. மிச்சப் பேருக்கு வலது பக்கத்திலோ இரண்டு பக்கமுமோ இருக்கலாம். அதனால்தான் கைப் பழக்கத்தைக் கேட்கிறார்கள்.

இரண்டாம் நாள் மனநலப் பரிசோதனை செய்கிற அம்மா ஒருவர் ஒரு தாளோடு வந்தார். ஓல்ட்ஃபீல்ட் என்பவர் 1971-ல் எடின்பரோவில் தயாரித்த பத்துக் கேள்விகள். எழுதுவது எந்தக் கை, படம் வரைவது எந்தக் கை, எறிவது, கத்திரிக்கோல், பல் துலக்குவது, கத்தி, கரண்டி, துடைப்பம் பிடிக்கும்போது மேலே இருக்கும் கை, தீக்குச்சி உரசும் கை, டப்பா மூடி திறக்கும் கை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அடுப்படிப் பரீட்சை அல்லவா! ஆனால் துடைப்பம் என்றவுடன் எனக்குத் திக்கென்றது. மதினி பெருக்கும்போது இடது கைதான் மேலே. தீக்குச்சி இடது கை. அரிவாள்மணையில் காய் நறுக்க உட்கார்ந்தால் காயைப் பிடித்துத் தள்ளுவது இடது கை. எழுதுவதும் சாப்பிடுவதும் மட்டும்தான் வலது கை. சின்ன வயதில் "சாப்பாட்டில் பீச்சாங்கையை வைப்பியா" என்று அவர்கள் அம்மா அகப்பைக் காம்பால் கணுக்கையில் போட்டுப் போட்டுப் பழக்கியது! முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிய அண்ணனுக்கு இது தெரியவில்லை. ஆண்பிள்ளைகள் துடைப்பத்தைக் கவனித்தால்தானே!

(பிள்ளைகள் இடது கையை நீட்டினால் அடிக்காதீர்கள் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடித்து மாற்றினால் கைதான் மாறும், மூளை மாறாது.)

பாஷையும் இப்படித்தான். மதினியின் அப்பா கொல்லத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்து நாடார் குடும்பங்கள் பல அப்படித்தான் கேரளத்தில் கடை போட்டுப் பிழைத்தன. மதினி எட்டாம் கிளாஸ் வரை அங்கே மலையாளத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ். கல்யாணமாகி ஆறுமுகநேரிக்கு வந்தபிறகு வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தமிழ் வாசிக்கப் பழகினார்கள். ஆனால் இன்றைக்கும் தேங்காய் எண்ணினாலும் கருப்பட்டி எண்ணினாலும் உதடு முணுமுணுப்பது "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்றுதான். அண்ணன் அதையும் சொல்லவில்லை.

இரண்டு பாஷை தெரிந்தவருக்கு இரண்டையும் பார்க்க வேண்டும். 1978-ல் அமெரிக்காவில் ஓஜெமன், விட்டேக்கர் என்ற இருவர் இரண்டு பாஷை பேசும் இரண்டு நோயாளிகளின் மூளையைத் தொட்டுப் பார்த்தபோது, சில இடங்களைத் தொட்டால் ஒரு பாஷை மட்டும் தடுமாறியதாம், மற்றது தடுமாறவில்லை. தமிழை மட்டும் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்திருந்தால் மதினியின் கணக்கு என்ன ஆகியிருக்குமோ!

காந்தக் குழாய்க்குள்

பேச்சு இருக்கும் இடத்தைக் காட்டுகிற இந்த ஸ்கேனுக்கு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. என்று பெயர். எக்ஸ்ரே கிடையாது, காந்தம்தான். பெரிய மெஷின்களில் காந்த சக்தி பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 60,000 மடங்கு! அதனால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு, சேலை ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து அண்ணன் கையில் கொடுத்தோம். மூக்குத்திதான் படுத்திவிட்டது. மதினியின் முத்து மூக்குத்தி அவர்கள் அம்மா போட்டுவிட்டது, திருகாணி முப்பது வருஷமாகக் கழற்றப்படாதது. தேங்காயெண்ணெய் விட்டு அரை மணி நேரம் போராடிக் கழற்றினோம். முன்பு ஏதாவது ஆபரேஷனில் உடம்புக்குள் கிளிப், பேஸ்மேக்கர், காதுக் கருவி வைத்திருந்தாலும், காப்பர்-டி போட்டிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில இருந்தாலும் பாதகமில்லை, சில இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். முடிவு செய்வது அவர்கள் பொறுப்பு, சொல்வது நம் பொறுப்பு.

இந்த ஸ்கேன் எப்படிப் பேச்சைக் கண்டுபிடிக்கிறது என்றால், சூட்சுமம் ரத்தத்தில் இருக்கிறது. மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்குப் புது ரத்தம் அதிகமாகப் பாயும். பிராணவாயு உள்ள ரத்தத்துக்கும் பிராணவாயுவை இழந்த ரத்தத்துக்கும் காந்தத்தின் முன்னால் குணம் வேறு. இந்த வித்தியாசத்தை வைத்து மூளையைப் படம் பிடிக்கலாம் என்று 1990-ல் காட்டியவர் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1992-ல் மனிதர்களிடம் செய்து பார்த்துவிட்டார்கள். வித்தியாசம் ரொம்பச் சின்னது, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அதனால் ஒரு தடவை பார்த்தால் போதாது. அரை நிமிஷம் வேலை, அரை நிமிஷம் சும்மா, மறுபடி வேலை, மறுபடி சும்மா என்று மாறி மாறிச் செய்யச் சொல்லிக் கழித்துப் பார்க்கிறார்கள். வேலை நேரத்தில் மட்டும் எந்த இடம் மினுக்குகிறதோ அதற்கு வர்ணம் பூசிப் படம் தருகிறது கம்ப்யூட்டர்.

உள்ளே செய்யவேண்டிய வேலை எல்லாம் மனதுக்குள்தான். வாயைத் திறந்தால் தலை அசையும், தலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைந்தாலே படம் பாழ். படத்தைப் பார்த்துப் பெயரை நினைக்க வேண்டும். "கத்தி" என்று சொன்னால் "வெட்டு" என்று அதன் வேலையை நினைக்க வேண்டும். "க"வில் தொடங்கும் சொற்களை நினைக்க வேண்டும். ஒரு சின்னக் கதையைக் காதில் போடுவார்கள், கேட்க வேண்டும்.

முதல் நாள் ஸ்கேன் வீணாயிற்று. எங்கள் தப்புத்தான். அண்ணன் "தமிழ்" என்று எழுதிக் கொடுத்ததால் திரையில் தமிழ்ச் சொற்களை வரிசையாகக் காட்டினார்கள். மதினி ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பதற்றத்தில் தலை அசைந்தது. படத்தில் பேச்சு எங்குமே சரியாக விழவில்லை. வெளியே வந்து அழுதார்கள். "எனக்கு மூளையே இல்லன்னுட்டாங்களா?" அப்போதுதான் நான் கொல்லத்துக் கதையை எல்லாம் சொன்னேன். அடுத்த தடவை சொற்களைக் காதில் சொன்னார்கள், தமிழில் ஒரு சுற்று, மலையாளத்தில் ஒரு சுற்று. அதற்கு முந்திய நாளே ஒரு அறையில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்கள்.

படங்களிலும் ஒரு கூத்து. அட்டையில் முறம் படம். மதினி யோசித்து, நெற்றியைச் சுருக்கி, "சுளவு" என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தச் சொல் திரும்பி வந்ததே என்று. ஆனால் பரிசோதனை அம்மா தாளில் தப்பு என்று குறிக்கப் போனார். அவர் தாளில் "முறம்" என்றிருக்கிறது. "இல்லம்மா, எங்க ஊர்ல சுளவுன்னுதான் சொல்லுவோம்" என்று நான் குறுக்கிட்டேன். அவர் சந்தோஷமாக மாற்றிக்கொண்டார். பாஸ்டன் நகரத்தில் உண்டாக்கிய 60 படப் பரீட்சை ஒன்று உலகம் முழுக்கப் பிரசித்தமாம். அதில் பனிக்கட்டியில் கட்டிய வீடு ஒரு படம்! அதை எங்கள் உப்பளத்துப் பக்கம் யாரிடம் காட்டினால் பேர் சொல்வார்கள்? உப்புக் குவியல் என்பார்கள். அதனால் நம் ஊர் நோயாளிக்கு நம் ஊர் சாமான்களின் படம்தான் சரி. அதிலும் அவர் தினமும் எந்தப் பேரால் அழைக்கிறாரோ அதுதான் சரியான விடை.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1976-லிருந்து இருக்கிறது. 1980-ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய நிலையமானது. மூளைக் கட்டிக்கு மட்டுமல்ல, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு ஆபரேஷன் செய்யும் முன்பும் இந்தப் பேச்சு ஸ்கேன் உதவுகிறது. அதைப்பற்றி அங்குள்ள ஸ்கேன் டாக்டர்கள் 2008-லேயே எழுதியிருக்கிறார்கள். இந்த ஸ்கேன் வருவதற்கு முன்னால் பேச்சு எந்தப் பக்கம் என்று பார்க்க, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி, ஒரு பக்க மூளையைச் சில நிமிஷம் தூங்கவைத்துப் பேசச் சொல்வார்கள். வாடா என்ற டாக்டர் ஜப்பானில் 1949-ல் எழுதிய முறை. இப்போதும் சிலருக்குத் தேவைப்படுகிறது. காந்தக் குழாயில் படுப்பது அதைவிட எவ்வளவோ தேவலை.

வேரோடு எடுத்துவிடுங்கள்

இடதுகைக்காரி என்று தெரிந்ததிலிருந்து அண்ணனுக்கு ஒரு நப்பாசை. பேச்சு வலது பக்கம் இருந்துவிட்டால் இடது பக்கக் கட்டியைப் பயமில்லாமல் முழுசாக எடுத்துவிடலாமே! திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். படம் வந்தது. பேச்சு இடது பக்கம்தான். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு நெற்றிப் பக்கம், இன்னொரு திட்டு கட்டியின் பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. தமிழ்த் திட்டும் மலையாளத் திட்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, மலையாளம் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் தள்ளி. வில் மாதிரி போகிற நார்க் கட்டையும் வேறொரு எம்.ஆர்.ஐ. முறையில் எடுத்துக் காட்டினார்கள். மூளைக்குள் இருக்கும் நீர் நார் ஓடும் திசையிலேயே அதிகம் நகருமாம், அதைப் பின்தொடர்ந்தால் நாரின் வழி தெரிந்துவிடும். கட்டி அதை மேலே தள்ளியிருந்தது.

"வேரோடு எடுத்துடுங்க டாக்டர், துளி மிச்சம் வைக்காதீங்க" என்றார் அண்ணன். யாரும் அப்படித்தான் சொல்வோம். டாக்டர் படத்தில் பின் ஓரத்தைப் பென்சிலால் காட்டி, "இதையும் எடுத்தா கட்டி குறையும், ஆனா இவங்க பேச முடியாமப் போகலாம், நாம பேசறது புரியாமலும் போகலாம். இதை விட்டா பேச்சு நிக்கும், ஆனா கட்டி திரும்ப வளர வாய்ப்பு கூடும்" என்றார். பிறகு அண்ணனை விட்டுவிட்டு மதினியைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு எது வேணும்?"

மதினிக்கு வார்த்தை வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பேச்ச வச்சிக்கிட்டு மிச்சத்த எடுங்க" என்றார்கள்.

ஸ்கேன் படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைப்பதில்லை என்பதையும் அப்போது விளக்கினார்கள். பேசும்போது கூடமாட ஒத்தாசை செய்யும் இடங்கள் எல்லாம் படத்தில் மினுக்கும். அவற்றில் எது இல்லாவிட்டால் பேச்சே நின்றுவிடும், எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்று அது சொல்லாது. கட்டிக்குப் பக்கத்தில் ரத்த ஓட்டமே மாறியிருப்பதால், இருக்கிற இடம் இல்லாததுபோலவும் காட்டலாம். மண்டையைத் திறந்ததும் மூளை சற்று அமுங்கி நகரும், படத்துக்கும் நேருக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அதனால் கடைசித் தீர்ப்பு ஆபரேஷன் மேஜையில், நோயாளி விழித்திருக்கும்போது!

கேட்டவுடன் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மூளைக்கு வலி தெரியாதாம். தோலுக்கும் மேல் சவ்வுக்கும்தான் வலி. அதற்கு ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். மண்டையைத் திறக்கும்போது தூக்கம், பிறகு எழுப்புவார்கள். டாக்டர் மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோரிடமாகத் தொடுவார், நோயாளி படங்களைப் பார்த்துப் பேர் சொல்லவேண்டும். எந்த இடத்தைத் தொடும்போது பேச்சு நிற்கிறதோ அங்கே ஒரு நம்பர்ச் சீட்டை வைத்துவிடுவார்கள். அங்கே கத்தி போகாது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து டாக்டர் பென்ஃபீல்ட் 1930-களிலிருந்து பெரிதாகச் செய்துகாட்டிய முறை இது. அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் நம் வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் மூளை ஆபரேஷன் பிரிவை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 2017-ல் ஆந்திராவில் குண்டூரில் ஒரு நர்ஸம்மா "பாகுபலி" படம் பார்த்துக்கொண்டே மூளை ஆபரேஷன் செய்துகொண்ட செய்தியை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருக்கலாம்.

ஆடி பிறக்குமுன் ஆபரேஷன் நடந்தது. மதினி பெயர் சொல்லத் தடுமாறிய படங்களை முந்தின நாளே ஒதுக்கிவிட்டு, சரளமாகச் சொன்னவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். இல்லாவிட்டால் தடுமாற்றம் கட்டியாலா, மின்சாரத்தாலா என்று எப்படித் தெரியும்? உள்ளே என்ன நடந்தது என்று பிறகு கேட்டபோது மதினி, "ஒரு பிள்ளை படம் படமா காட்டுச்சு. சுளவு வந்துச்சு, சொன்னேன். அப்பறம் குடம் வந்துச்சு, வாய் நின்னுபோச்சு. பயந்துட்டேன். 'அங்க தொடாதீங்க'ன்னு யாரோ சொன்னாவ. பெறவு வந்துட்டு" என்றார்கள்.

பின் ஓரத்தில் ஒரு துண்டை விட்டுவிட்டார்கள். முதல் பத்து நாள் "ஆமா", "இல்ல", "தண்ணி" தவிர வேறு சொல் வரவில்லை. வீக்கம் வற்றினால் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் ரொம்பவும் ஆடிப்போகவில்லை. கொஞ்சம் ஆடித்தான் போனோம். பிறகு பேச்சுப் பயிற்சி, ஆறு வாரம் கதிர் சிகிச்சை, வலிப்பு மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் நான் மத்தியான வேளைகளில் அடுப்படிச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துப் பேர் கேட்பேன். பேர் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் காத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு முழுசாகச் சொல்லிவிடக்கூடாது என்று பயிற்சி அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது, வாய் சும்மா இராது.

இதைப் படிக்கிற சகோதரிகளில் யாருக்காவது "பேர் வாயில் வரலையே" என்று உடனே பயம் பிடித்துக்கொள்ள வேண்டாம். எப்போதாவது மறப்பது எல்லாருக்கும் உண்டு. தினமும் புழங்குகிற சாமானின் பேர் வாரக்கணக்கில் கூடக் கூட மறந்தாலோ, ஒரு சொல்லுக்கு வேறு சொல் வந்தாலோ, நடுவயதில் முதல் தடவையாக வலிப்பு வந்தாலோ, காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியுமாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நல்லாயிருந்தவருக்குத் திடீரென்று ஒரு நிமிஷத்தில் பேச்சுக் குழறினால் அது வேறு விஷயம், பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். அதற்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது. திருநீறு பூசுவதானால் வண்டியில் போகும்போது பூசிக்கொள்ளலாம்.

மதினி இப்போது நன்றாகப் பேசுகிறார்கள். கிழமைப் பெயர்கள் மட்டும் இன்னும் மக்கர் செய்கின்றன. வியாழன் என்று சொல்ல வேண்டுமென்றால் ஞாயிறிலிருந்து தொடங்கி மலையாளத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்து, அங்கே நின்று, தமிழில் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். விட்டுவைத்த துண்டு போன தடவை அளந்தபோது அப்படியேதான் இருந்தது. அடுத்தது தை மாதம். மூக்குத்தியை அதற்குப் பிறகு மாட்டவில்லை, பீரோவில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.